காற்றடிக்கிற பக்கம்

கம்பியில் தொங்கி மலையேறும் லிஃப்டின் இரட்டை நாற்காலி பின்னாலிருந்து வந்து முழங்காலில் இடிப்பதற்குள்ளேயே, 'முடியாது' என்பதை எப்படிச் சொல்வது என்று தோர்திஸ் யோசித்து வைத்துவிட்டாள். மரியாதையாகவும் இருக்க வேண்டும், மறுபேச்சுக்கு இடமும் இருக்கக் கூடாது.

எல்லாம் ரான்டியின் ஜோடி சேர்க்கிற வேலை. ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருக்கிறது, ஹெம்சடால் மலைக்குப் போய்ச் சறுக்கலாம் வா என்று காலையில் கூப்பிட்டவள், காரில் சீவெர்ட் என்று ஒருவரும் இருப்பார் என்பதை மட்டும் சொல்லவில்லை. மலையைக் குடைந்து சாலை போடுகிற இடங்களில் வெடி வைக்கிறவர், மனைவியை இழந்தவர், ரான்டியின் கணவன் ஹோக்கனுக்குப் பழைய நண்பர். இப்போது கணவனும் மனைவியும் முந்திக்கொண்டு லிஃப்டின் முன் நாற்காலியில் ஏறிவிட்டார்கள்.

"சீவெர்ட், அவ பல் டாக்டர்," என்று ரான்டி திரும்பிக் கத்தினாள். "வாயைத் திறந்துட்டுப் பதில் பேச முடியாம கிடக்கறவங்ககிட்டப் பேசியே பழகினவ. ஜாக்கிரதை."

"உன் பல்லும் என்கிட்டதான் வரணும்டி. ஞாபகம் வச்சுக்க," என்றாள் தோர்திஸ்.

சீவெர்ட் சிரித்தார். "காத்தடிக்கற பக்கம் நான் உக்காந்துக்கறேன்," என்று அவளுக்கு உள்பக்கம் இடம் விட்டார். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். நாற்காலி அந்தரத்தில் ஏறியது.

இவ்வளவு நல்லவிதமாக நடந்துகொள்பவரிடம் உடனே முடியாது என்றால் நன்றாக இருக்காது. அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று, இப்போதைக்கு வானிலையைப் பற்றிப் பேசினாள். அவர் தலையாட்டினார்.

உச்சியிலிருந்து கீழே யாருமே மிதிக்காத பனி. முதலில் ஹோக்கன் பாய்ந்தான். ரான்டி பாதி வழியில் தலைகுப்புற விழுந்து ஒரு சறுக்குப் பலகையைத் தொலைத்தாள். தோர்திஸ் முழங்கால் ஆழத்தில் இடமும் வலமுமாக வளைந்து இறங்கினாள். முகத்தில் தூளாகப் பனி அடிக்க, பல வருஷங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுபடி லிஃப்ட், மறுபடி அவர் காற்றடிக்கிற பக்கம். தோர்திஸ் தன் வீட்டுக் கூரை ஒழுகுவதையும், ஓஸ்லோவில் படிக்கும் மகள் போன் செய்யாததையும் சொன்னாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மலைநாட்டு ஆண்கள் பேசாமலிருந்தால் யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை.

மத்தியானம் குடிசை உணவகத்தில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிளும் காபியும் வாங்க சீவெர்ட் வரிசையில் நின்றார். ரான்டி மேஜைக்குக் குறுக்கே சாய்ந்தாள்.

"என்னடி, அவரை ஒரு வார்த்தையாவது பேச விட்டியா?"

"நீ வேற. நாம பேசறதை இப்படி உக்காந்து கேக்கற ஒரு ஆம்பளைய நான் பார்த்ததே இல்லை."

"கேக்கறாரா? அவரா?" என்று ஹோக்கன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரான்டி தன் தட்டில் மிச்சமிருந்த வாஃபிளை எடுத்து அவன் வாயில் திணித்தாள்.

அடுத்த முறை மேலே போகையில்தான் அதுவரை ரான்டியிடம்கூடச் சொல்லாததை தோர்திஸ் சொன்னாள். கணவன் வேறொருத்தியோடு போனதாகத்தான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். போகும்போது வாசலில் நின்று அவன் சொன்னது யாருக்கும் தெரியாது.

"உன் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சுன்னான். அன்னியிலேர்ந்து யார்கிட்டயாவது வாயைத் திறந்தாலே, இவங்களுக்கும் அலுத்திருக்குமோன்னு பயம். நல்ல காலமெல்லாம் எனக்கு முடிஞ்சு போச்சு, சீவெர்ட்."

சீவெர்ட் பனி கனத்த மேகத்தை அண்ணாந்து பார்த்தார். நிதானமாகச் சொன்னார்: "இன்னும் வரும்."

தோர்திஸ் பனிக்கண்ணாடியைக் கண்ணுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆறுதல் சொல்கிறேன் என்று எத்தனை பேர் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். இப்படி இரண்டே வார்த்தையில் யாரும் சொன்னதில்லை. கீழே இறங்கும்போது கண்ணாடிக்குள் கண்ணீர் ஆவியாகப் படிந்து, வழி தெரியாமல் இருமுறை விழுந்தாள். இரண்டு முறையும் அவர்தான் வந்து தூக்கிவிட்டார்.

கடைசி முறை ஏறும்போது வெயில் மலைக்குப் பின்னால் சரிந்திருந்தது. காலையில் யோசித்து வைத்த 'முடியாது' எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தோர்திஸ் நேராகப் பார்த்துக்கொண்டு, துணிந்து கேட்டுவிட்டாள்.

"நாளைக்கும் வரலாமா? அவங்க வேண்டாம். நாம ரெண்டு பேரு மட்டும்."

சீவெர்ட் பைன் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கம்பம் கடந்தது, இன்னொன்றும் கடந்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது. இவருக்கும் அலுத்துவிட்டது. நாள் முழுக்க வாயை மூடாமல் வந்தால் யாருக்குத்தான் அலுக்காது? அதன் பிறகு மேலே போய்ச் சேரும்வரை அவள் உதட்டைப் பிரிக்கவில்லை.

நாற்காலியிலிருந்து இறங்கி வேகமாக விலகிப் போனவளை அவர் சறுக்கி வந்து மறித்தார்.

"என்னாச்சு? பேச்சை நிறுத்திட்டீங்க. பேசறப்போ வாயிலேர்ந்து வர்ற ஆவியே காணோம்."

"நான் ஒண்ணு கேட்டேன். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம்," என்றாள் தோர்திஸ், குரல் நடுங்க.

சீவெர்ட் அவள் உதட்டையே பார்த்தார். பிறகு, தப்புச் செய்தவர்போலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்தப் பக்கம் வந்து முதல்லேர்ந்து சொல்லுங்க. அந்தக் காது எனக்குக் கேக்காது."