நம்ப மறுத்த கணினி

"சர்வர் சான்றிதழ் செல்லாது." மாணிக்கவாசகத்தின் பட்டுக்கடைக் கணினி காலையிலிருந்து இதையே சொல்லி, சாஃப்ட்வேர் போட வந்த சங்கீதாவின் உயிரை வாங்கியது.

"அந்தச் சான்றிதழ்ச் சோதனையையே தூக்கிடும்மா. இன்னிக்கே ஓடணும்."

"முத்திரை இல்லாத புடவையை அசல் பட்டுன்னு வாங்குவீங்களா சார்?"

சங்கீதா திரையிலிருந்த செய்தியை மறுபடி படித்தாள்.

"இன்னிக்குக் காலையிலதானே புதுச் சான்றிதழ் வாங்கினேன்..." என்று முனகியவள் திரையின் மூலையைப் பார்த்தாள். போன வெள்ளிக்கிழமைத் தேதி!

"யாரு சார் தேதியை மாத்துனது?"

"நான்தாம்மா. இன்னிக்கு அஷ்டமி. அதான் கம்ப்யூட்டருக்கு மட்டும் வெள்ளிக்கிழமை வெச்சுக்கினேன்."

"வெள்ளிக்கிழமை இந்தச் சான்றிதழ் பொறக்கவே இல்ல சார்! இன்னிக்குத் தேதியை வைக்கிறேன்."

"ஐயோ, வேணாம்மா! நாளைக்கு நவமி. நாளன்னிக்கு தசமி, அதை வெச்சிடு."

பல்லைக் கடித்துக்கொண்டு தசமித் தேதியையே வைத்தாள். உடனே இணைப்பு கிடைத்தது.

"பாத்தியாம்மா? நாள் பாத்து செஞ்சா தானா நடக்குது!"