வாழைநார் ஸ்வெட்டர்

“வாழநாரு பூவுக்குன்னா அப்பிடியே எடுத்துக் கட்டு. மன்சன் மேல பட்றதுன்னா மொதல்ல…” என்று பூந்தமல்லி பூக்கடை அன்னம்மாள் ஏதோ சொல்லித்தான் நாரைக் கொடுத்தாள். பின்பாதி வசந்தகுமாரிக்கு மறந்துவிட்டது.

மறந்துபோன அந்தப் பாதியை அவள் கணவன் ஆனந்தன் உடம்பில் சுமந்துகொண்டு திரிந்தான்.

“இன்னா மச்சான், இன்னிக்கும் வாழமரமா வந்துகீறே? எவனாவது கல்யாண ஊட்டு வாசல்ல கட்டிடப் போறான்!”

பருத்திப்பட்டு பஸ் ஸ்டாப்பில் ராஜசேகரன் ஆரம்பித்தான். ஆனந்தனும் அவனும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே லேத் பட்டறை. நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

எண்பத்தொன்பது, கார்த்திகை மாசம். அப்போதெல்லாம் காலையில் ஏரிப்பக்கமிருந்து நிஜமாகவே குளிர்காற்று வரும். அதற்காக, சட்டைக்குள் வாழைநார் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற ஆள் ஆவடியிலேயே ஆனந்தன் ஒருத்தன்தான் என்று பேர். கழுத்தோரம் பழுப்பாக எட்டிப் பார்த்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

வசந்தகுமாரி தையல் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து வீட்டு வேலை முடிந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். கேட்டால் பதில். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மா மாற்றலாகிப் போகும்போது, அவளுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்து, ஊசிகளையும் அவளிடமே விட்டுப் போனாள். கம்பளி நம்ம ஊருக்கு வெந்துபோகும் என்று வசந்தகுமாரி வாழைநார் வாங்கி வந்தாள். மெல்லிசாகக் கிழித்து, முடிச்சுப் போட்டு, காய்ந்து ஒடியாமல் ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பின்னினாள். பின்னும்போது ஏதோ முணுமுணுவென்று பாடினாள்.

முடிச்சு ஒவ்வொன்றும் ஆனந்தனை அரித்தது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவன் தூணில் முதுகைத் தேய்ப்பதை ராஜசேகரன் பார்த்துவிட்டான்.

“கழட்டிக் கடாசுடா! பொண்டாட்டிக்கு இவ்ளோ பயமா?”

“பயமில்லடா. அரிக்குதுன்னு சொன்னா ஊசிய வெச்சிடுவா. மறுபடியும் செவுத்த பாத்துகினு உக்காந்துடுவா. யாரோ ஒருத்தர் கேட்டு ஒண்ணு வாங்கினு போனாங்களாம், அன்னிக்கு அவ மூஞ்சிய நீ பாக்கணுமே. யாருன்னு கேட்டா பேர் சொல்ல மாட்றா.”

“எவனாவது லூசா இருப்பான். இன்னிக்கு ஊட்டுக்குப் போயி நீ சொல்றே. இல்ல, நான் வந்து சொல்லிடுவேன்.”

ஆனந்தன் முதுகைத் தடவிப் பார்த்தான். எங்கே தொட்டாலும் தடிப்பு. சாயங்காலம் தானே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான்.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பஸ் வருவதற்குள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தார்கள்.

ஆனந்தனின் வெள்ளைச் சட்டையில் பழுப்பு நிறத்தில் வலை வலையாக ஏதோ ஊறி வந்தது. வாழைக்கறை. எந்த சோப்புக்கும் போகாது.

இப்போது ஊரைக் கூட்டிச் சிரிக்கப் போகிறான் என்று ராஜசேகரனைத் திரும்பிப் பார்த்தான்.

ராஜசேகரன் சிரிக்கவில்லை. டிபன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றான். பையின் இரண்டு பக்கமும் அவன் சட்டையில் அதே வலை.

“டேய்… அந்த லூசு நீதானா?”

“கத்தாத மாமே. எங்கூட்டு நாகவல்லிதான் வாங்கினு வந்தா. ‘வசந்தா சிரிச்சுப் பாத்து எவ்ளோ நாளாச்சு, கம்முனு போட்டுக்கோ’ன்னுட்டா.”

“அப்புறம் இன்னாத்துக்குடா என்ன தெனம் ஓட்டினே?”

“நீ கழட்டினாத்தானே நான் கழட்ட முடியும்? ‘ஆனந்தன் அண்ணன் போட்டுகினு போவல? உனக்கு மட்டும் இன்னா கேடு’ன்றா.” ராஜசேகரன் பையை இறக்கிவிட்டு நெஞ்சைச் சொறிந்தான். “முடியல மச்சான். உயிர் போவுது. இன்னிக்கு சொல்லிடு.”

கதவைத் திறந்த வசந்தகுமாரி சட்டையைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

“ஐயோ! ஊற வெச்சு, கறைய எடுத்துட்டு அப்புறம் பின்னணும்! அதாங்க அன்னம்மா சொன்னது!”

அவனைத் திருப்பி நிறுத்தி, ஈரச் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

“இவ்ளோ நாளா அரிச்சுதா? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? வேணாம்னா சொல்லுங்க, உட்டுடறேன்.”

பாதி பின்னிய ஏதோ ஒன்று ஊசிகளோடு பாயில் கிடந்தது.

தனக்கும் ராஜசேகரனுக்கும் ஆளுக்கொன்று, முழுக்கை வைத்துப் பின்னச் சொன்னான் ஆனந்தன்.