படத்தில் இருந்த தாலி

வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டுதான் சடையன் பங்களாவுக்கு வந்தான். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் அவன் மனைவி இருளாயி சட்டிபானைகளைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இனி எந்தத் தோட்டத்துக்குப் போவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

துரை கேட்ட பொருளை இருளாயி கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நடந்தது அவ்வளவுதான்.

இலங்கையில் எஹலியகொடைக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டத்துத் துரைக்குப் பழைய நகை சேர்ப்பதில் பைத்தியம். லண்டனிலிருந்து தருவித்த தடித்த புத்தகம் ஒன்று எப்போதும் அவர் மேசையில் கிடக்கும். கீழைத்தேசத்து நகைகளெல்லாம் அதில் படமும் விளக்கமுமாக இருந்தன. எந்த நகையை வாங்கினாலும் அந்தப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

ஒருநாள் துரை பார்த்து நிற்க, ஸ்டோரில் ரப்பர் பால் வாளியை இறக்கி வைக்க இருளாயி குனிந்தாள். முந்தானைக்குள் இருந்து தாலி வெளியே விழுந்து ஆடியது. சடையனின் குடும்பத்தார் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கொண்டுவந்த பழைய வேலைப்பாடு அது. புத்தகத்தில் இருந்ததும் அதே தாலிதான்.

துரைக்காக விலை பேசப் போனவர், இரத்தினபுரியில் கல் வியாபாரம் செய்த கபூர் முதலாளி. "ஒனக்குப் புதுசா ரெண்டு தாலி செஞ்சி போடலாம். தொரை அவ்வளவு தாறன்டு சென்னாரு" என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார்.

"இது விக்கிற சாமானுங்களா மொதலாளி?" என்று கேட்டுவிட்டு, பால் வெட்டிக்கொண்டிருந்த இருளாயி அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

அதற்காகத்தான் துரை கூப்பிட்டனுப்பியிருக்கிறார் என்று சடையன் நினைத்தான். தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படிக்குக் கீழே நின்றான். "பொம்பள தெரியாமப் பேசிட்டா தொரை. பொறுத்துக்கணும்."

துரை சிரித்தார். "அவ சொன்னது சரிதான். நாளைலேருந்து நீ பால் வெட்ட வேணாம். புது ரோட்டுல பாறைக்கு வெடி வைக்கிற எடத்துல நீதான் பெரியாள். சம்பளமும் கூட."

பக்கத்தில் நின்ற கங்காணி தலையைச் சொறிந்தார். "இவன் வெடிமருந்தத் தொட்டதே இல்லீங்க தொரை."

"பழகிக்குவான்" என்றார் துரை. உள்ளே போய், தம்முடைய பழைய கோட்டு ஒன்றையும் எடுத்துவந்து சடையன் கையில் கொடுத்தார்.

அன்று மாலை லயமே கோட்டைப் பார்க்க வந்தது. இருளாயி சாக்கை அவிழ்த்துச் சட்டிகளை மறுபடி அடுப்போரம் அடுக்கினாள். "நான் அந்தப் பேச்சுப் பேசியும் மனசுல வச்சுக்கலையே. நல்ல மனுசன்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலை, பாறையில் வைத்த வெடிகளில் ஒன்று வெடிக்கவில்லை. ஈரத்தில் திரி அணைந்திருக்கும் என்று எண்ணிச் சடையன் கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். பிறகு கோட்டை வைத்துத்தான் அவனை அடையாளம் கண்டார்கள்.

துரை லயம்வரை நடந்து வந்தார். அந்தத் தோட்டத்தில் அதற்கு முன் எந்தத் துரையும் சாவு வீட்டு வாசலில் நின்றதில்லை. கோடித் துணியிலிருந்து கருமாதி அரிசிவரை எல்லாவற்றையும் தம் கணக்கில் கொடுக்கச் சொன்னார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, பிணத்தை எடுக்கும்வரை இருந்தார்.

கருமாதி முடிந்து, இருளாயி வெறுங்கழுத்தோடு பங்களாவுக்கு வந்தாள். கபூர் முதலாளி அப்போது துரைக்குக் கல் காட்ட வந்திருந்தார். அவள் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துப் படியில் வைத்தாள்.

"அன்னைக்கி ஆசையாக் கேட்டீங்க தொரை. குடுக்க முடியல. இனி எனக்கு எதுக்குங்க இது?"

துரை பணப்பையைத் தொட்டதும் அவள் தலையாட்டினாள். "காசு வேணாங்க. எம் புருசன ஒரு ஆளாக்கிப் பாத்தீங்க. கடைசி மட்டும் கூட நின்னீங்க. அது போதுங்க." முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

கபூர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம் தொரை. நான் எவ்வளவு விலை சென்னேன், அசையல்ல. இப்ப சும்மா தந்துட்டுப் போறா."

துரை பூதக்கண்ணாடியைப் பிடித்துத் தாலியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. படத்தின் கீழே இருந்த சின்ன எழுத்தில் விரலை ஓட்டி, கபூருக்காகத் தமிழில் சொன்னார்.

"'புருசன் இருக்கிற வரைக்கும் எந்த வெலைக்கும் கெடைக்காது. அவன் செத்தாத்தான் கழட்டுவாங்க.' நீ வெறுங்கையோட திரும்பி வந்தியே, அன்னைக்குத்தான் இதப் படிச்சேன்."

துரை பக்கத்தைப் புரட்டினார். அடுத்த படத்தில் இன்னும் அகலமான வேறொரு தாலி இருந்தது.

"இந்த மாதிரி இங்க யாருகிட்டயாவது பாத்திருக்கியா?"

இத்தனை வருட வியாபாரப் பழக்கத்தில் கபூருக்கு வாய் முந்திக்கொண்டது. "மேட்டு லயத்து வெள்ளையம்மாட கழுத்துல ஒண்டு ஈக்கிது தொரை."

துரை பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"அவ புருசன் என்ன வேல பாக்குறான்?"