கட் சொன்ன பிறகு

"அந்த அழுகையைத் தூக்கிடும்மா" என்றார் டைரக்டர். உட்காரவில்லை. எடிட்டிங் ரூமில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே இருந்தார்.

எடிட்டர் பெண்ணுக்குச் சுருக்கென்றது. "சார், படத்துல உயிர் இருக்கிறதே அந்த ஒரு இடத்துலதான்."

"புதையல் தேடுற படத்துக்கு எதுக்கும்மா உயிர்? பாலம் உடையணும், ஹீரோ தாவணும். ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க."

"முதல் பாகம் தாவினதுக்கா ஓடிச்சு? கூட வந்த சிநேகிதனை ஆறு அடிச்சிட்டுப் போனப்ப தியேட்டரே விம்மிச்சு. இந்த ரெண்டாம் பாகத்துல ஹீரோ அந்தச் சிநேகிதனோட அம்மாவைப் பார்த்து சேதி சொல்றான். அதையும் வெட்டிட்டா, மிச்சம் வெறும் ஓட்டமும் உடைசலும்தான்."

"சேதி சொல்லட்டும். அந்தம்மா தலை குனியட்டும். அதோட முடி."

வம்பே அங்கேதான். படப்பிடிப்பில் டைரக்டர் 'கட்' சொன்ன பிறகும் கேமராவை நிறுத்த மறந்துவிட்டார்கள். அந்த மிச்சத்தில், அம்மா வேஷம் போட்ட நடிகை, மகனுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதபடியே இருக்கிறார். அடங்காத விசும்பலோடு, மூக்கு ஒழுக, அழகே இல்லாத அழுகை. கழித்துப் போட்டதிலிருந்து அதைத் தேடி எடுத்து ஒட்டவைத்தவள் இவள்தான்.

"ஒரு காரணம் சொல்லுங்க சார், தூக்கிடறேன்."

"காரணமும் கிடையாது, கீரணமும் கிடையாது. போரடிக்குது, அவ்வளவுதான்." முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நெஞ்சில் ஈரம் என்று ஒரு சொட்டாவது இருக்குமா இந்த மனுஷனுக்கு? அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள். அழுகையை வெட்டினாள், மறுபடி ஒட்டினாள். ஆறிப்போன டீயை வாயில் வைத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

பக்கத்து அறையில் டப்பிங் நடந்துகொண்டிருந்தது. அந்த நடிகையே தன் வசனத்தைப் பேச வந்திருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவங்களே நேரில் கேட்டால் இவர் என்ன பண்ணுவார்? ஓடிப்போய்க் கையோடு கூட்டி வந்தாள்.

"உங்க சீனை வந்து பாருங்கம்மா. டைரக்டர் தூக்கச் சொல்றார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிக்கும். அவார்டே வரும் உங்களுக்கு!"

"எனக்கா? ரெண்டு வசனம் குடுக்கவே யோசிப்பாங்க கண்ணு" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார் நடிகை.

படம் ஓடியது. ஹீரோ சேதி சொன்னான். திரையில் அழுகை ஆரம்பித்ததும் நடிகையின் சிரிப்பு நின்றுபோனது.

"அழிச்சிடறேன்னு சொல்லிச்சே அந்தத் தம்பி..."

"எந்தத் தம்பிம்மா?"

"டைரக்டர் தம்பிதான். காரணத்தை யார்கிட்டயும் சொல்லிடாதேப்பான்னு கேட்டுக்கிட்டேன். தெரிஞ்சா, ஐயோ பாவம்னு அம்மா வேஷத்துக்கே என்னைக் கூப்பிட மாட்டாங்க."

எடிட்டர் படத்தை அப்படியே நிறுத்தினாள். "என்ன... காரணம்?"

"என் பையனும் தண்ணியிலதான் கண்ணு போனான்."

கதவு திறந்தது. "அம்மா, மைக் ரெடி. வாங்க, உங்க சீன்தான்" என்று டப்பிங் அறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

நடிகை எழுந்தார். திரையைக் காட்டி மெல்லக் கேட்டார்:

"இதையும் நான் அங்க போய் இன்னொரு தடவை அழணுமா கண்ணு?"