பத்து நிமிஷம் உள்ளே, அஞ்சு நிமிஷம் வெளியே

"இன்னும் இறங்கு மாமா, தொடை முங்கணும்" என்று சொல்லிக்கொண்டே சேபோய் தன் அக்கா புருஷனின் இரண்டு தோளையும் பிடித்து ஆற்றுக்குள் அமுக்கினான்.

"கொல்லப் பாக்கறியாடா?" என்று கத்தினான் கிபோர். இருட்டோடு கிளம்பி முப்பத்தெட்டு கிலோமீட்டர் செம்மண் சாலையில் ஓடி வந்த கால்கள். மலைத்தண்ணீர் ஊசி ஊசியாகக் குத்தியது.

"நீ செத்தாத்தானே எனக்கு ஏரோப்ளேன்!"

இருவரும் சிரித்தார்கள். சொன்னது பொய்யில்லை. மூன்று வாரத்தில் உலக மாரத்தான். கென்யா அணியில் மூன்றே இடம். மூன்றாவது ஆள் கிபோர், நாலாவதாகக் காத்திருப்பவன் சேபோய். முப்பத்தாறு வயசு கிபோருக்கு இதை விட்டால் வேறு ஓட்டம் இல்லை.

கரையேறி நடுங்கினவனுக்கு சேபோய் பிளாஸ்க்கிலிருந்து பால் டீ ஊற்றி நீட்டினான்.

"நீ குடி முதல்ல."

"குடிச்சாச்சு."

"நான் பாக்கக் குடி."

"அக்கா போட்ட டீ மாமா!"

"எட்டு மாடு பரிசம் குடுத்தது உங்க அக்காவுக்கு. டீக்கு இல்ல."

கிபோர் அப்படித்தான். பக்கத்து முகாம்காரன் ஒருத்தன் சிநேகிதன் கொடுத்ததைக் குடித்துவிட்டு, மூத்திரத்தில் ஊக்கமருந்து என்று மாட்டி, இப்போது சோளம் விதைத்துக்கொண்டிருக்கிறான். அன்றிலிருந்து கிபோர் தன் கையால் மொண்ட தண்ணீரைத் தவிர வெளியில் எதையும் வாயில் வைப்பதில்லை.

சோதனைக்காரர்களிடம் இன்னொரு தொல்லையும் உண்டு. தினம் ஒரு மணி நேரம் இன்ன இடத்தில் இருப்பேன் என்று ஓட்டக்காரன் முன்கூட்டியே போனில் பதிந்து வைக்கவேண்டும். அவர்கள் வரும்போது ஆள் இல்லையென்றால் ஒரு தப்பு. வருஷத்துக்குள் மூன்று தப்பு விழுந்தால் இரண்டு வருஷம் தடை.

கிபோருக்கு இரண்டு விழுந்தாயிற்று. மூன்றாம் வகுப்போடு நின்றவன், பதிவதில் குழப்பம். அதனால் இப்போதெல்லாம் மச்சினன்தான் பதிந்து கொடுக்கிறான். ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை, வீட்டில். ராத்திரியானால் கிபோர் வாசலைத் தாண்டுவதில்லை.

"கெளம்பலாமா? பசிக்குதுடா."

"இன்னும் ரெண்டு முங்கு இருக்கு. பத்து நிமிஷம் உள்ளே, அஞ்சு நிமிஷம் வெளியே. கோச் சொன்னது."

"நேத்து வரைக்கும் ஒண்ணுதானே?"

"சின்னப் பசங்க காலு ஒண்ணுல ஆறும். உன்னுது கெழட்டுக் காலு."

கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு கிபோர் மறுபடி இறங்கினான். கரையில் அவன் போன் அடித்தது. சேபோய் எடுத்துப் பார்த்தான்.

"யாருடா?"

"மனைத் தரகன். நீ இன்னும் ஓடவே இல்ல, அதுக்குள்ள உனக்கு நெலம் பாத்துட்டான்."

"திருட்டுப் பய. அணைச்சுப் போடு."

சேபோய் அணைத்துப் பைக்குள் போட்டான்.

மூன்றாவது முங்கும் முடிந்து, மரத்துப்போன கால்களோடு மேடேறி வீடு வந்து சேர மணி ஒன்பதே கால். வேலியோரம் கிபோரின் மனைவி ஜெலகத் கையில் ஒரு காகிதத்தோடு நின்றிருந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? சோதனைக்காரங்க எட்டு மணியிலேர்ந்து ஒன்பது வரைக்கும் இங்கயே நின்னாங்க. போன் அடிச்சா கட் ஆவுதுன்னாங்க. மூணாவது தப்புன்னு எழுதிக் குடுத்துட்டுப் போறாங்க."

"என் நேரம் ராத்திரி எட்டுடி!"

"காலைல எட்டுன்னு நேத்து மாத்தியிருக்காம். உங்க போன்லேர்ந்தே."

கிபோர் மெல்லத் திரும்பினான். சேபோய் போனை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். பிறகு குனிந்து, மாமாவின் முழங்காலை இதமாகத் தட்டிக்கொடுத்தான்.

"ரெண்டு வருஷம் ஓய்வு மாமா. காலுக்கு ரொம்ப நல்லது."