சாவிக்கடை வாசலில் பனி

“யாருமே இல்லாத தெருவுல அந்த விளக்கு யாரைம்மா நடக்கச் சொல்லுது?” என்று எட்னாவின் மகள் ஒருமுறை கேட்டாள். கனடாவின் வின்னிபெக் நகர மையத்தில் இன்று காலையும் அந்தச் சாலைச் சந்தி விளக்கு நடக்கச் சொல்கிறது, கடப்பவர் யாருமில்லை. புதுக் கோபுரங்களுக்காகக் காலிசெய்த கடைகளில், தலையில்லாத துணிக்கடைப் பொம்மைகள் தெருவை நோக்கி நிற்கின்றன. மின்சாரம் துண்டிக்கப்பட்ட பிறகும் எங்கோ ஒரு கதவுமணி ஒலிக்கிறது. லார்னின் சாவிக்கடை வாசலில் முழங்கால் உயரப் பனி. எதிரே ரொட்டிக்கடை வைத்திருக்கும் எட்னா மண்வாரியோடு வருகிறாள். “பத்து மணிக்கு இடிச்சிடுவோம். யாருக்கு வழி பண்றீங்க, பேய்க்கா?” என்று சிரிக்கிறான் இடிக்கும் இயந்திரம் ஓட்டும் டெரல். “பேய்க்கும் வழுக்கும்ப்பா. நீ போய் நம்ம கடையில காப்பி குடி.” அவன் போகிறான். எட்னாவின் கணவன் படுத்த படுக்கையாய்க் கிடந்த குளிர்காலம் முழுவதும், விடியுமுன் அவள் கடை வாசலில் யாரோ பனியை அள்ளிப்போட்டிருப்பார்கள். கேட்டால் லார்ன், “காத்தா இருக்கும்” என்பார். அவருடைய பூட்ஸ் தடம் அவளுக்குத் தெரியும். நன்றி சொல்வதற்குள் இந்த இலையுதிர்காலத்தில் அவர் இறந்துவிட்டார். நடைபாதைக் கல் தெரியும்வரை எட்னா அள்ளுகிறாள், வழுக்காமலிருக்க உப்பு தூவுகிறாள். சாவிக்கடைக்குள்ளே இருட்டில் ஏதோ அசைகிறது. அவள் பயப்படவில்லை. மார்பில் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு, வெளியே வருபவருக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கி நிற்கிறாள்.