சினை மட்டி

இடுப்பளவு தண்ணீரில் நின்று குள்ளன் கால் கட்டைவிரலால் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தான். விடிந்ததிலிருந்து இதே பிழைப்பு.

மட்டி தட்டுப்பட்டால் முங்கி எடுப்பான். கத்தி முனையால் ஓட்டின் வாயை லேசாக நெம்பிப் பார்ப்பான். சினை இல்லையென்றால் மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவான்.

வீட்டில் அவன் பெண்டாட்டி கருப்பிக்குப் பால் சுரக்கவில்லை. பச்சைப் பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. ஆடு மாடெல்லாம் எண்பத்து மூன்றாம் வருஷப் பஞ்சத்திலேயே போயாச்சு. பவுடர் பால் கொடுத்தால் வயிற்றோடு போகிறது. சினை மட்டியில் ரசம் வைத்துக் கொடு, பால் பீறிட்டு வரும் என்று மருத்துவச்சி பெரியம்மாள் அடித்துச் சொல்லிவிட்டாள்.

ஆனால் இந்த ஏரி மட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது. காவல்காரனே குள்ளன்தான். இன்றைக்குத் திருடனும் அவனேதான்.

பஞ்சத்தில் ஏரி வெடித்துக் கிடந்தபோது மட்டி பூண்டோடு அழிந்தது. மழை பெய்து ஏரி நிரம்பியதும், மட்டி ஓடு சுடும் சுண்ணாம்புச் சூளை நூர் பாஷா நாகமரை ஆற்றிலிருந்து ஈரச் சாக்கில் சுமந்துவந்து விட்டவை இவை. ஊர்க்காரர்களுக்கோ மதகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, செங்கல்லுக்கு மண்ணெடுக்க ஏரியைக் குத்தகைக்கு விட வேண்டும். மட்டி இங்கே பெருகும் என்றால் குஞ்சு வைத்த சினை மட்டி ஒன்றைக் கண்ணில் காட்டுங்கள், ஏரியைத் தொடமாட்டோம் என்று பாய்க்குக் கெடு வைத்திருந்தார்கள். கெடு இன்றோடு முடிகிறது.

கடைசியில் ஒன்று கிடைத்தது. செவுள் உப்பி, உள்ளே மணல் போலக் குஞ்சு. கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டு மடியில் முடிந்துகொண்டான்.

கரையில் நூர் பாஷாவின் சைக்கிள் வந்து நின்றது.

"என்னப்பா குள்ளா, ஒண்ணாச்சும் சினையா இருக்குதா? ஊரே உக்காந்துகிட்டு இருக்குதுப்பா."

"இல்லீங்க பாய். எல்லாம் வெறும் மட்டிங்க."

பாய் இறங்கிப் பார்க்கவில்லை. குள்ளன் சொன்னால் அவருக்கு அதுவே போதும். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தார்.

குள்ளன் கரையேறத் திரும்பியபோது காலில் இன்னொன்று தட்டுப்பட்டது. எடுத்து நெம்பினான். அதுவும் சினை.

நிமிர்ந்து பார்த்தான். பாய் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார்.

கூப்பிட வாயெடுத்தான்.

ஒரே ஒரு மட்டியில் எவ்வளவு ரசம் வந்துவிடும்?

அதையும் மடியில் முடிந்துகொண்டு வீட்டைப் பார்த்து ஓடினான்.